அந்த ஒரு புள்ளி

அன்புள்ள மக்கா,

"ஸ்டென்ட் வச்சாச்சுல்லா, பின்ன எதுக்கு அஞ்சு நாளு ஆஸ்பத்திரியில?" என்று போனில் கேட்டாய். அண்ணனுக்கு மாரடைப்பு வந்து ஐ.சி.யூ. வாசலில் நின்றதால் அன்று பதில் சொல்ல முடியவில்லை.

குலசேகரத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும்போது, காலை 5 மணிக்கே அண்ணனுக்கு நெஞ்சு பிசைந்திருக்கிறது. வாயு என்று நினைத்து, சிரட்டைப் பாலையெல்லாம் எடுத்து முடித்துத்தான் வீட்டுக்கு வந்தார். மைனி சீரகத் தண்ணி கொடுத்தார். சட்டை முழுக்க வியர்வை. பால் காய்ந்து ஒட்டிய விரல்களால் நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தார். நாகர்கோவில் கொண்டுபோய், இதயக் குழாயின் அடைப்பை பலூனால் திறந்து, மறுபடி மூடாமலிருக்க ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்தபோது மணி ஒன்பதரை.

மறுநாள் டாக்டர் ஒரு தாளில், இப்படி அடைப்பு திறந்தவர்களுக்கான ஆபத்துக் கணக்கைப் போட்டுக் காட்டினார். நெதர்லாந்தில் ஸ்வோலே நகரத்து டாக்டர்கள் 2004-இல் வெளியிட்டது. மொத்தம் 16 புள்ளி. 3 வரை இருந்தால் ஆபத்து குறைவு, இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பலாம். அண்ணனுக்கு 60 வயது தாண்டியதற்கு 2, இதயத்தின் முன்பக்கம் அடிபட்டதற்கு 1, வலி தொடங்கி 4 மணி நேரம் கடந்ததற்கு 1. ஆக 4. மூன்றைத் தாண்டியதால்தான் அஞ்சு நாள். நுரையீரலில் நீர் கோர்த்திருந்தால் அதற்கே 4 அல்லது 9 ஏறியிருக்கும். நல்லவேளை, கோர்க்கவில்லை. இதயத்தின் மூன்று குழாயிலுமே அடைப்பு என்ற நிலை இல்லை, திறந்தபின் ரத்தமும் தங்குதடையின்றி ஓடியது; அதனால் அவற்றுக்கும் புள்ளி ஏறவில்லை.

எனக்கு அந்தக் கடைசி 1-ஐ விட்டுக் கண் நகரவில்லை. வயசுக்கு நாம் என்ன செய்ய? ஆனால் அந்த ஒரு புள்ளி, சிரட்டைப் பால் எடுத்த நேரம். அது இல்லாவிட்டால் 3 தானே, மக்கா.

"ஆயுள் சொல்ற ஜாதகம்னு நினைக்காதீங்க, யாரை எத்தனை நாள் கண்ணுல வச்சுக்கணும்னு பார்க்கத்தான்" என்றார் டாக்டர். அண்ணனுக்குச் சர்க்கரை இருப்பதால், குழாயைப் படம் எடுக்கச் செலுத்திய ஆஞ்சியோ மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்ததா என்று, கிரியாட்டினின் என்ற ரத்தப் பரிசோதனையும் இரண்டு தடவை பார்த்தார்கள்.

உனக்கும் சர்க்கரை உண்டு. நெஞ்சு பிசைந்தால் சீரகத் தண்ணி தேடாதே, உடனே 108-ஐக் கூப்பிடு.

இப்போது வீட்டில்தான் இருக்கிறார். ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை, ஒரு வருஷத்துக்கு விடக்கூடாதாம். டப்பா மைனி கையில். பால் வெட்ட ஆள் வைத்திருக்கிறோம். "பட்டையை ஆழமா வெட்டாதடே" என்று அண்ணன் திண்ணையிலிருந்து கத்துகிறார். கத்தி முடித்ததும் நான் அவர் நெஞ்சைத்தான் பார்க்கிறேன். மூச்சு வாங்கவில்லை.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி