குதிரைக்குச் சொந்தக்காரர் இருவர், கொள்ளுக்கு ஒருவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொடைக்கானல் தெருக்களில் திரியும் குதிரைகளைப் பிடித்து அடைத்து, சொந்தக்காரர்களிடம் கடுமையாக அபராதம் வசூலிக்க வேண்டும் என்று இந்தப் பகுதியில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். ஏரிச்சாலையில் சுற்றுலா வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றி, 26 வருடமாகக் கயிறு பிடித்து நடக்கிறவன் நான். அவர் சொன்னதில் தப்பில்லை. மழை நேரத்து ராத்திரியில் மூஞ்சிக்கல்லில் குப்பையைக் கிளறிக்கொண்டு நிற்கும் குதிரையைப் பார்த்தால் எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் அதற்கு ஆளே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பல நேரம் இரண்டு பேர் இருப்பார்கள். வில்லங்கமே அதுதான்.

எங்கள் கதையையே சொல்கிறேன். 2019 தை மாதம் நானும் என் மச்சினனும் ஆளுக்கு 35,000 ரூபாய் போட்டு ஒரு பெட்டைக் குதிரை வாங்கினோம். "வரவும் பாதி, செலவும் பாதி" என்று ஒரே வரிதான் பேச்சு. கையடித்தோம், டீ குடித்தோம், ஓட்டிக்கொண்டு வந்துவிட்டோம். அந்த ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் பையைக் கொட்டி எண்ணிப் பிரிக்கும்போது எங்களைப் போல ஒற்றுமையான மாமன் மச்சினன் இந்த மலையிலேயே கிடையாது.

ஐப்பசி மழை இறங்கியதும் சவாரி நின்றது. குதிரையின் பசி நிற்கவில்லை. கொள்ளு, தவிடு, புல் எல்லாம் சேர்த்து அன்றைய விலையில் நாளைக்கு 200 ரூபாய். ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை லாடத்தைப் பெயர்த்து, குளம்பு சீவி, மறுபடி அடிக்க வேண்டும். சும்மா நிற்கிற குதிரைக்கும் குளம்பு வளரும். கொட்டகை ஆனந்தகிரியில், என் வீட்டுக்குப் பின்னால். மச்சினன் இருப்பது செண்பகனூரில். "அது பாட்டுக்கு மேயட்டும் மாமா, சீசனுக்குப் பிடிச்சுக்கலாம்" என்றான். எப்படியோ அந்த மழையை ஓட்டினேன். அடுத்த மார்ச்சில் ஊரடங்கு. 2020 சீசன் வரவே இல்லை. அவிழ்த்து விட்டோம். அவனை மட்டும் சொல்லக் கூடாது, கயிற்றை அவிழ்த்தது என் கைதான்.

ஆடி மாதம் ஒரு ராத்திரி அது தானாகவே கொட்டகைக்குத் திரும்பி வந்தது. படுத்துப் புரண்டது, எழுந்தது, திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே அடைத்துக்கொண்டால் பின்பக்கமாகத்தான் வெளியேற வேண்டும். படுக்க விடாமல் முற்றத்தில் நடத்திக்கொண்டே இருந்தேன். கால்நடை டாக்டர் வந்து மூக்கு வழியாகக் குழாய் செருகி எண்ணெய் விட்டார். விடிகாலையில் லத்தியோடு ஒரு பாலிதீன் பை வந்து விழுந்தது. செலவு 4,800 ரூபாய். மச்சினன் முகம் சுளிக்காமல் 2,400 ரூபாயை எண்ணி வைத்தான். அப்போது என் மனைவி கேட்டாள், தன் தம்பியிடம்: "அவரு ராத்திரி பூரா முழிச்சாரே, அதுல பாதி எங்கடா?"

பாதிப் பாதி என்று பேசியபோது நாங்கள் பணத்தைத்தான் பேசியிருந்தோம். லத்தி அள்ளுவது, மூன்று வேளை தண்ணீர் காட்டுவது, லாடம் அடிக்கிறவர் வரும்வரை காத்துக் கிடப்பது எல்லாம் கணக்கிலேயே இல்லை. கீழே வத்தலக்குண்டுப் பக்கம் மாடு, ஆட்டை வாரத்துக்கு விடுவார்கள். ஒருவர் மாட்டைக் கொடுப்பார், இன்னொருவர் வளர்ப்பார், ஈனும் கன்றுகளில் ஆளுக்குப் பங்கு. வளர்க்கிறவரின் உழைப்புக்கு அதில் விலை உண்டு. குதிரையில் அந்த முறை ஓடாது. அதன் வருமானம் முதுகில் இருக்கிறது, அதுவும் வருடத்தில் சில மாதம்தான்.

மனைவி ஒரு நோட்டைக் கொண்டுவந்து போட்டாள். இன்றுவரை அதுதான் எங்கள் பத்திரம். தீனி, லாடம், குடற்பூச்சி மருந்து, டெட்டனஸ் ஊசி எல்லாம் பொதுச் செலவு, சவாரி போனாலும் போகாவிட்டாலும். கொட்டகை வைத்திருப்பவருக்கு மாதம் 1,500 ரூபாய் கூலி, அதுவும் பொதுச் செலவில். அதாவது என் கூலியில் பாதியை நானே கொடுக்கிறேன், பரவாயில்லை. சீசன் வசூலைப் பையில் போடுவதற்கு முன்னால் நான்கு மாதத் தீனிப் பணத்தை எடுத்து வைத்துவிட வேண்டும். இப்போது நாளைக்கு 300 ரூபாய் வைத்தால் 36,000 ரூபாய். அது மனைவி பெயரில் தபால் நிலையத்தில் இருக்கிறது. நாங்கள் இருவரும் தொட முடியாது.

சவாரியை முறை வைத்து ஓட்டினோம், அவரவர் முறை வசூல் அவரவருக்கு. சனி, ஞாயிறு யாருக்கு என்பதில் பெரிய ரகளை நடந்தது. 2024 மே மாதம் மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகு எந்த நாள் கூட்டம் வரும் என்றே ஊகிக்க முடியவில்லை, அதனால் வாரம் மாற்றி வாரம் என்று வைத்துக்கொண்டோம். அவன் முறையில் ஒருநாள் 90 கிலோ இருக்கும் ஆளை ஏற்றி மூன்று சுற்று நடத்தியிருக்கிறான். எங்கள் குதிரை சுமார் 280 கிலோ. அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது என்பார்கள், 56 கிலோ. சேணத்தைக் கழித்தால் 48. வசூல் அவன் பையில், முதுகுப் புண்ணுக்கு மருந்து பொதுச் செலவில், அடுத்த ஐந்து நாள் ஓய்வு என் முறையில்! அன்றைக்கு எழுதிய வரி இது: "இன்னைக்கு வேண்டாம்" என்று இருவரில் யார் சொன்னாலும் குதிரை நிற்கும், மற்றவர் ஓட்டக் கூடாது. ஒத்துவரவில்லை என்றால் டாக்டர் சொன்னபடி. நோட்டிலேயே உருப்படியான வரி என்று இதைத்தான் சொல்வேன்.

அபராதம் போடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கட்ட வருகிறவரிடம் இன்னொரு பங்காளி யார், மழைக்காலத்தில் குதிரை யார் கொட்டகையில் நிற்கிறது என்று கேட்டு இரண்டு கையெழுத்தும் வாங்கட்டும். ஒருவர் பெயரில் மட்டும் ரசீது கிழித்தால், அவர் பங்காளியோடு சண்டை போட்டுவிட்டு மறுநாளே கயிற்றை அவிழ்த்துவிடுவார். இந்த வேலையை நானே செய்தவன், அதனால் சொல்கிறேன்.

எங்கள் குதிரை இப்போது சினை. 11 மாதம் சுமக்கும், கடைசி மாதங்களில் சவாரியும் கிடையாது. குட்டி யாருக்கு என்று நோட்டில் எழுத மறந்துவிட்டோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வருகிறான். நோட்டை மனைவி இப்போதே எடுத்து வைத்துவிட்டாள்.

இப்படிக்கு,
ஏரிச்சாலைக் குதிரைக்காரர் ஒருவர்,
ஆனந்தகிரி, கொடைக்கானல்.