கண்மாய் மராமத்து நிறைவு: ஆயக்கட்டுதாரர்களுக்குக் குழுவின் அறிக்கை

இந்தக் கண்மாய்த் தண்ணீரில் பாசனம் செய்யும் ஆயக்கட்டுதாரர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

பங்குனிக் கடைசியில் கண்மாய் வற்றியதும் தொடங்கிய வேலை ஆடி பிறக்குமுன் முடிந்துவிட்டது. கரை, வயலுக்குத் தண்ணீர் திறக்கும் கீழமடை, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் மூன்றும் சரியாகிவிட்டன. நிறைந்தபின் மிகுதித் தண்ணீர் வழிந்துபோகும் கலுங்கை மட்டும் உயர்த்தவில்லை.

நாள் பிடித்தது கீழமடைதான். ஷட்டரை இறக்கி அடைத்தாலும் கரைக்கு வெளியே கசிந்துகொண்டே இருந்தது உங்களுக்குத் தெரியும். ஷட்டரில்தான் கோளாறு என்று நாங்களும் நினைத்தோம். கரையை வெட்டிப் பார்த்தால், எப்போதோ மேலோடு வெட்டிவிட்ட சீமைக்கருவேலின் வேர் உள்ளே மக்கி, கை நுழைகிற பொந்தாக மடைச்சுவரை ஒட்டியே ஓடியிருந்தது. கசிவு கலங்கலாக வந்ததும் அதனால்தான். தண்ணீரோடு கரைமண்ணும் போயிருக்கிறது. இன்னொரு பெருமழைக்குத் தாங்கியிருக்காது.

நல்ல மண் தெரியும்வரை தோண்டி, களிமண்ணை அரையடி அரையடியாகப் போட்டுத் திமிசுக்கட்டையால் அடித்து இறுக்கினோம். மடைச்சுவர் ஓரம் ரோலர் போகாது, கையால்தான். மண்ணின் பதம் பார்த்தது, வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் நம் நீர்க்கட்டி: பிடித்தால் உருண்டையாக நிற்கவேண்டும், விரலில் ஒட்டக்கூடாது. ஜேசிபியால் தள்ளி மூடியிருந்தால் இரண்டே நாள் வேலை என்றார்கள். அப்படி மூடினால் அடுத்த மழைக்கே கரை உட்கார்ந்துவிடும்.

கலுங்கை அரையடி உயர்த்தினால் கூடுதல் தண்ணீர் நிற்கும், உண்மைதான். ஆனால் கண்மாயின் உள்பக்கம் இருக்கும் உள்வாய்ப் பட்டா நிலங்களும் சேர்ந்து மூழ்கும். கரையையும் அதற்கேற்ப உயர்த்தாமல் விட்டால் தண்ணீர் கரை மேலேயே வழியும். மண்கரை அதற்கு நிற்காது. தவிர, நூறு ஏக்கருக்கும் குறைந்த ஆயக்கட்டு என்பதால் இது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ள கண்மாய், நாமாகத் தொடமுடியாது. போன வருஷம் ராத்திரியோடு ராத்திரியாகக் கலுங்கில் மணல்மூட்டை அடுக்கியவர்கள் இதை இரண்டு தடவை படிக்கவும்.

வீட்டுக்கு ஓர் ஆள் என்று பேசியிருந்தோம். சில வீடுகளிலிருந்து கடைசிவரை யாரும் வரவில்லை. அவர்களை அழைக்க 1858 ஆம் வருஷத்துக் கட்டாய வேலைச் சட்டத்தைத்தான் தேடவேண்டும். வரவு செலவும் ரசீதுகளும் சாவடியில் ஒட்டியிருக்கின்றன.

முதல் பெருக்குக்குக் கீழமடை அடியில் ராத்திரியும் ஆள் இருக்கவேண்டும். முறைப்பட்டியலும் சாவடியில்தான். கசிவு தெளிவாக இருந்தால் விடிந்து சொன்னால் போதும். கலங்கலாக வந்தால் எந்த நேரமானாலும் எழுப்புங்கள்.

கண்மாய் மராமத்துக் குழு