வீட்டைப் பூட்டிவிட்டு வா என்றாயே

அன்புத் தம்பிக்கு,

"அந்தப் பாம்பனில் என்னம்மா இருக்கு, வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்துவிடு" என்று போனில் சொன்னாய். அப்போது எனக்கு வாயில் ஒன்றும் வரவில்லை. ராத்திரி படுத்த பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது.

உன் அம்மாச்சி தனுஷ்கோடிக்காரி. என்னைப் பெறுவதற்காகப் பாம்பனுக்கு வந்திருந்தாள், அதனால் பிழைத்தாள். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் அவள் வீடு, தெரு, கடைத்தெரு எல்லாம் போயிற்று, பாம்பனிலிருந்து கிளம்பின பாசஞ்சர் ரயிலையும் ஆட்களோடு கடல் இழுத்துக்கொண்டது. வாழத் தகுதியில்லாத ஊர் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. ஆனாலும் கடல் தொழில் செய்கிற சனங்கள் திரும்பிப் போய் ஓலைக்குடிசை போட்டார்கள். கைக்குழந்தையான என்னைத் தூக்கிக்கொண்டு அம்மாச்சியும் போனாள்.

எனக்கு அவள் முதலில் கற்றுக்கொடுத்தது ஊற்றுத் தோண்டத்தான். இரண்டு பக்கமும் கடல், நடுவில் மணல், அதில் கையால் பறித்தால் இரண்டு மூன்று அடியில் தண்ணீர் கசியும். முதல் தண்ணீர் கலங்கல். அதை இறைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுக்க வேண்டும், அப்புறம் தெளிந்ததைக் கொட்டாங்கச்சியால் அலுங்காமல் மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். துளி உப்புக் கரிக்காது. போதாதென்று இன்னும் ஆழமாகப் பறித்தால் உப்பு ஏறி ஊற்றே கெட்டுவிடும்.

பாம்பனுக்குக் கல்யாணமாகி வந்த பிறகு காற்றுப் பார்க்க உன் அப்பாவிடம் கற்றேன். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்தால் தென்கடல் பொங்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வடகிழக்கிலிருந்து வாடை வந்தால் அப்படியே மாறும், அப்போது வள்ளத்தைத் தெற்கே கொண்டுவருவோம். தெற்கே ஆண்கடல், வடக்கே பெண்கடல் என்று நம் சனங்கள் சொல்வதை நீயும் சின்னதில் சொல்லித் திரிந்தாயே, மறந்திருக்க மாட்டாய்.

உன்னைப் படிக்க வைத்தது நான் கடலில் பறித்த கடல்பாசிதான். ஐஸ்கிரீம் கெட்டியாக இருக்கக் கலக்கிற அகர் என்கிற பொருள் அந்தப் பாசியிலிருந்துதான் வருகிறது. பாறை கிழிக்காமலிருக்க விரலுக்கு விரல் துணி சுற்றி, சேலைமேல் அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, மூச்சடக்கி முங்குவேன். 1986இல் மன்னார் வளைகுடாவில் இருக்கிற 21 தீவுகளையும் சேர்த்துத் தேசியப் பூங்காவாக்கினார்கள், அதன் பிறகு தீவோரம் போனாலே பயம், ஒருநாள் முழுக்கப் பறித்த பாசியைச் சாக்கோடு பிடுங்கிக்கொண்டார்கள். பவளப்பாறையைக் காப்பாற்றட்டும், அது செத்தால் மீனும் இல்லை, எனக்கு நன்றாகத் தெரியும். எங்களிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எந்தப் பாறையில் எது முளைக்கும், எப்போது பறிக்காமல் விட வேண்டும் என்பது முங்கினவளுக்குத்தானே தெரியும்?

சரி, வீட்டைப் பூட்டுகிற பேச்சை நேரில் வைத்துக்கொள்வோம். அரையாண்டு லீவுக்குப் பேரனைக் கூட்டிக்கொண்டு வா. தனுஷ்கோடிக்கு இப்போது முனை வரைக்கும் ரோடு இருக்கிறது, போவது சுலபம். அவன் கையாலேயே ஒரு ஊற்றுப் பறிக்கட்டும். நல்ல கொட்டாங்கச்சியாக ஒன்று தேய்த்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா