கறுப்புச் சாடியின் கீழே ஒரு பெயர் வேண்டும்

உலக நாட்டார் கலைக் கண்காட்சிகளை அமைக்கும் அருங்காட்சியகக் காப்பாளர்களுக்கு,

வணக்கம். அண்மையில் ஒரு கண்காட்சியில், கண்ணாடிப் பேழைக்குள் கன்னங்கரேலென்று பளபளத்த ஒரு சாடியைக் கண்டேன். ‘மெக்ஸிகோ, தொன்மையான தண்ணீர்ச் சாடி, செய்தவர் பெயர் தெரியவில்லை’ என்றது அதன் அட்டை. அந்தச் சாடியை வனைந்தவர் யாரென்று தெரியாமல் இருக்கலாம். ஆனால், அந்தப் பளபளப்பைக் கண்டறிந்தவர் யாரென்பது நன்றாகவே தெரியும்.

வஹாக்கா மாநிலத்தின் சான் பார்த்தோலோ கோயோதெபெக் ஊரில் வெகுகாலம் செய்துவந்தவை மங்கிய சாம்பல் நிறக் குடங்கள். கவிழ்த்த தட்டின்மேல் இன்னொரு தட்டை நிமிர்த்தி வைத்து, அதைக் கையாலேயே சுழற்றி வனைவார்கள். காற்றுப் புகாதபடி சூளையை அடைத்துச் சுடுவதால் களிமண்ணிலுள்ள இரும்பு கறுத்துவிடும். அந்தக் குடங்களில்தான் மெஸ்கால் என்னும் மதுவை ஊற்றிச் சுமந்து சென்றார்கள். 1950களில், டோன்யா ரோசா என்று ஊரார் அழைத்த ரோசா ரெயால் மாத்தேயோ (1900–1980), பாண்டம் முழுதும் காய்வதற்குள் அதைப் படிகக்கல்லால் தேய்த்து, வழக்கத்தைவிடக் குறைந்த சூட்டில் சுட்டால் கருமை பளபளக்கும் என்று கண்டுகொண்டார். மெருகு வந்தது, உறுதி போயிற்று. சூடு குறைந்த பாண்டத்தில் நீர் கசியும் என்பதால், மெஸ்கால் சுமந்த குடம் அலமாரியில் வைக்கும் அழகுப்பொருளாயிற்று. அதில் ஒருமுறை தண்ணீர் ஊற்றிப் பார்த்தவர் எவரும் ‘தண்ணீர்ச் சாடி’ என்று எழுதியிருக்கமாட்டார். ‘தொன்மை’ என்பதும் அந்தப் பளபளப்புக்குப் பொருந்தாது.

வடக்கே சிவாவா மாநிலத்து மாதா ஓர்டிஸ் ஊரில் மரபு என்பதே இடையில் அறுந்து, மீண்டும் முளைத்த ஒன்று. அருகிலுள்ள பாக்கிமே என்னும் பழைய நகரம் 15ஆம் நூற்றாண்டிலேயே பாழடைந்துவிட்டது. விறகு பொறுக்கப்போன சிறுவனாக அங்கே பழைய வண்ணப் பானைகளின் ஓட்டுச்சில்லுகளைக் கண்டெடுத்த ஹுவான் கெசாடா, சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல், மண்ணையும் வண்ணத்தையும் தாமே சோதித்துச் சோதித்து, தலைமுடியால் தூரிகை கட்டி, அந்தக் கலையைப் புதிதாக உருவாக்கினார். 1976இல் அமெரிக்க மானுடவியலர் ஸ்பென்சர் மெக்கல்லம், நியூ மெக்ஸிகோவின் டெமிங் ஊர்க் கடையொன்றில் பெயர் பொறிக்காத மூன்று பானைகளைப் பார்த்துவிட்டு, அவற்றைச் செய்தவரைத் தேடி எல்லை தாண்டிப் போய், கெசாடாவைக் கண்டுபிடித்தார். ‘பெயர் தெரியவில்லை’ என்று அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. 1999இல் கெசாடாவுக்கு மெக்ஸிகோவின் தேசிய விருது கிடைத்தது.

பெயர் பொறிப்பது நேற்று வந்த நாகரிகமும் அன்று. மெக்ஸிகோவின் புவேப்லா நகரத்தில், தலவேரா என்னும் மெருகுப்பூச்சுப் பாண்டங்களைச் செய்யும் வினைஞர் சங்கம் 1653இல் வகுத்த விதிகளே, போலிகளைத் தடுக்க ஒவ்வொருவரும் தத்தம் குறியை இடவேண்டும் என்றன.

ஆகவே என் வேண்டுகோள் இது. அட்டையில் நாட்டின் பெயரோடு நிறுத்தாமல் ஊரையும், சுட்ட முறையையும், தோராயமான காலத்தையும் எழுதுங்கள். ஓவியத்துக்குக் கீழே ‘இன்னாரின் பட்டறை’ என்று எழுதும் வழக்கத்தைப் பானைக்கும் கொண்டுவாருங்கள். பெயர் கிடைக்காத இடத்தில் ‘தெரியவில்லை’ என்பதைவிட ‘பதிவு செய்யப்படவில்லை’ என்பதே நேர்மையானது. வாங்கியவர் கேட்காமல் விட்டது வனைந்தவரின் குறையாகாது. இந்தத் திருத்தத்தை அந்தக் கறுப்புச் சாடியின் அட்டையிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
கண்காட்சிக்கு வந்த ஒரு பார்வையாளர்