முள்ளந்தண்டு இடைத்தட்டும் 'தட்டு வளர்க்கும்' ஊசிகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்பதால், நாரி நோவுக்காக எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுத்த அயலவர்கள் ஆங்கில அறிக்கையை வாசித்துச் சொல்லும்படி என்னிடம் கொண்டுவருவதுண்டு. அண்மையில் கரைவலை இழுக்கும் ஒருவர் வந்திருந்தார். படத்தில், முள்ளந்தண்டு என்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்த ஏனைய தட்டுகள் வெண்மையாகத் தெரிய, நான்காம், ஐந்தாம் நாரி என்புகளுக்கு இடையிலுள்ள தட்டு மட்டும் நீரிழந்து கறுத்திருந்தது. "இழுத்து இழுத்துத் தேஞ்சு போச்சு, ஊசி போட்டுத் தட்டை வளர்க்கலாமாம் சேர்" என்று சொல்லி, அவ்வாறே உறுதியளிக்கும் ஒரு துண்டுப்பிரசுரத்தையும் நீட்டினார். அந்தத் துண்டுப்பிரசுரமே இக்கடிதத்துக்குக் காரணம்.

இடைத்தட்டின் நடுவே கூழ்மமான கருவும், அதைச் சுற்றிக் கொலாஜன் நார்களாலான வளையமும், மேலும் கீழும் மெல்லிய கசியிழையத் தகடுகளும் உள்ளன. கருவிலுள்ள அக்ரிகன் என்னும் பெரும் மூலக்கூறு, தன் கிளைகளிலுள்ள மறையேற்றங்களால் நீரை ஈர்த்து வைத்திருப்பதாலேயே தட்டு பாரத்தைத் தாங்குகிறது. வளர்ந்தவர் உடலில் குருதிக்கலன்கள் அற்ற மிகப் பெரிய அமைப்பு இதுவே. ஆகவே உள்ளேயிருக்கும் கலங்களுக்குரிய குளுக்கோசும் ஒட்சிசனும் பெரும்பாலும் அந்தத் தகடுகளினூடாகப் பரவியே வந்துசேர வேண்டும். வயதோடு தகடுகளில் கல்சியம் படிந்து இறுக, வரத்துக் குறைகிறது. புகைத்தல் அதை இன்னும் குறைக்கிறது. ஒட்சிசன் போதாமல் குளுக்கோசை உடைக்கும் கலங்கள் வெளியிடும் இலத்திக்கமிலமும் வெளியேற வழியின்றி உள்ளே தேங்குகிறது.

இந்நிலையில் சில கலங்கள் இறக்கின்றன. வேறு சில, இறக்காமலும் பிரிவடையாமலும் முதுமையுற்று நின்று, இன்டர்லூக்கின்-1, டி.என்.எஃப்.-ஆல்ஃபா முதலிய அழற்சிப் புரதங்களைச் சுரக்கின்றன. அவற்றால் தூண்டப்படும் அயற்கலங்கள் எம்.எம்.பி., அடாம்ட்ஸ் வகை நொதியங்களைப் பெருக்கி, தாம் கட்டிய கொலாஜனையும் அக்ரிகனையும் தாமே வெட்டத் தொடங்குகின்றன. அக்ரிகன் போக நீர் போகிறது, நீர் போக உயரம் போகிறது, பாரம் வளையத்தின் மேல் விழுந்து அது வெடிக்கிறது. அத்துடன் நரம்பு வளர்ச்சிக் காரணியும் சுரக்கும்போது, வழக்கமாக வளையத்தின் வெளிப்புறத்தோடு நின்றுவிடும் நரம்பிழைகள் உள்ளே ஊடுருவுகின்றன. வெறும் தேய்வு என்று இதை எப்படிச் சொல்வது?

உழைப்பைக் குற்றவாளியாக்குவதும் முழுவதும் சரியன்று. ஒரே கருவிலிருந்து உருவான ஆண் இரட்டையரைப் பின்லாந்தில் ஒப்பிட்டு 1995 இல் வெளியான ஆய்வில், ஒருவர் பாரம் தூக்குபவராகவும் மற்றவர் இருந்து வேலை செய்பவராகவும் இருந்தபோதும் தட்டுகளின் நிலையில் வேறுபாடு சிறிதாகவே இருந்தது. பரம்பரையின் பங்கே பெரிது. கொலாஜன், அக்ரிகன், விற்றமின் டி ஏற்பி ஆகியவற்றின் பரம்பரையலகு வேறுபாடுகள் இதனோடு தொடர்புபடுத்தப்பட்டுள்ளன.

கறுத்த தட்டைக் கண்டு கலங்குவோர் இன்னொன்றையும் அறிய வேண்டும். எவ்வித நோவுமற்றவர்களின் ஸ்கான்களைத் தொகுத்த 2015 ஆம் ஆண்டு மீளாய்வொன்று, 20 வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் 80 வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் தட்டுச் சிதைவு இருந்ததாகக் கணித்தது. தட்டிலிருந்து பிதுங்கி வெளிவந்த பகுதியும் பலருக்குச் சில மாதங்களில், உடலின் விழுங்கற்கலங்களாலேயே கரைந்து சுருங்கிவிடுகிறது. காலில் பலம் குறைதல், சிறுநீர் கட்டுப்பாடிழத்தல் ஆகியவை மட்டும் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாத அறிகுறிகள்.

சிகிச்சையில் நம்பிக்கைக்கு இடமில்லை என்று நான் சொல்லவில்லை. மேலே சொன்ன முதுமையுற்ற கலங்களை மட்டும் அழிக்கும் மருந்துகள் எலிகளில் தட்டுச் சிதைவைக் குறைத்துள்ளன. வளர்ச்சிக் காரணிகளும், வேறு வகைக் கலங்களாக மாறவல்ல தண்டுக்கலங்களும் மனிதரில் பரிசோதிக்கப்பட்டு வருகின்றன. ஆயினும், வரத்து அடைபட்ட தட்டுக்குள் புதிய கலங்களை ஏற்றுவது, அரிசியில்லாத வீட்டுக்கு விருந்தாளிகளை அனுப்புவது போன்றது. புதியவையும் அதே பட்டினிக்கும் அமிலத்துக்கும் முகங்கொடுக்க வேண்டும். ஊசி குத்தும் துளையே வளையத்தைப் பலவீனப்படுத்தலாம். ஜப்பானில் 2018 இல் அனுமதி பெற்ற கொண்டோலியேஸ் என்ற நொதியம்கூடப் பிதுங்கிய தட்டுக்கானதே. அது தட்டை வளர்ப்பதில்லை, நீர்பிடிக்கும் பகுதியை இன்னும் கரைத்து நரம்பின் மேலுள்ள அழுத்தத்தைத் தணிக்கிறது. இழந்த தட்டை மனிதரில் மீள வளர்ப்பதாக நிறுவப்பட்டு வழக்கமான சிகிச்சையாகிவிட்ட ஊசி எதுவும் இன்றில்லை. உடற்பயிற்சி, நடை, புகைத்தலை நிறுத்துதல் என்பன துண்டுப்பிரசுரத்தில் கவர்ச்சியாக இரா, ஆனால் நாள்பட்ட நோவுக்கு வைத்தியர்கள் முதலில் சொல்வது அவற்றையே.

'தட்டு வளர்ப்பு' விளம்பரங்களைத் தங்கள் பத்திரிகை ஏற்க நேர்ந்தால், அச்சிகிச்சை எலியில் பரிசோதிக்கப்பட்டதா, மனிதரிலா, மனிதரிலெனின் எந்தக் கட்டத்தில் என்பதை விளம்பரதாரரிடம் எழுத்தில் பெற்று, விளம்பரத்தோடு சேர்த்தே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அரச வைத்தியசாலைகளிலும், ஸ்கான் அறிக்கையுடன் தமிழில் ஒரு பக்க விளக்கத்தைச் சேர்த்து வழங்க மாகாண சுகாதாரத் திணைக்களம் ஆவன செய்யலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
உவர்மலை, திருகோணமலை.