கெழுவின் குறி ஏன் தலைகீழாகிறது: சந்துருவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சந்துரு,

பாப்பாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதில் ரொம்ப சந்தோஷம். மாப்பிள்ளையைத் தானே பார்த்து முடிவு செய்துவிட்டு, நேராக உன்னிடம் வந்து சொன்னாள் பார், அது எனக்கு இன்னும் பிடித்திருந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, இப்போது பேப்பரை வரி விளம்பரம் வரைக்கும் விடாமல் படிக்கிறாள்.

சரி, உன் மாணவன் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டு விலைக்கு ரெக்ரஷன் போட்டானாம், அதாவது பரப்பளவு, அறை எண்ணிக்கை போன்ற மாறிகளை வைத்து விலையைக் கணிக்கும் சூத்திரம்; அதில் அறைகளின் எண்ணிக்கைக்குக் கெழு (மற்றவை மாறாமல் ஓர் அறை கூடினால் விலை எவ்வளவு மாறும் என்ற எண்) மைனஸில் வந்ததாம், புரோகிராமில் எங்கே தப்பு என்று தேடிக்கொண்டிருக்கிறானாம். தப்பு அங்கே இருக்காது. பரப்பளவும் அறை எண்ணிக்கையும் ஒன்றாகவே ஏறி இறங்குகிற நிரல்கள், அதாவது அட்டவணையின் பத்திகள். அவனிடம் லாங்லியின் டேட்டாவைக் கொடுத்துப் பார்.

ஜேம்ஸ் லாங்லி அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்துக்காரர். அன்றைய கம்ப்யூட்டர்களில் ஓடிய ரெக்ரஷன் புரோகிராம்களுக்கெல்லாம் ஒரே டேட்டாவைக் கொடுத்து, எது சரியான விடை தருகிறது என்று சோதித்து 1967-ல் ஒரு கட்டுரை எழுதினார். பல புரோகிராம்கள் மண்ணைக் கவ்வின. டேட்டா என்னவோ கைக்குட்டை அளவுதான்: 1947 முதல் 1962 வரை வருஷத்துக்கு ஒரு வரி, மொத்தம் 16 வரி. விலைக் குறியீடு, மொத்த தேசிய உற்பத்தி, வேலையில்லாதவர்கள், ராணுவத்தில் இருப்பவர்கள், மக்கள்தொகை, வருஷம் என ஆறு நிரல்கள். இவற்றை வைத்து வேலையில் இருப்பவர்களின் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும்.

ஓட்டிப் பார்த்தால் ஆர்-ஸ்கொயர் (சூத்திரம் டேட்டாவோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதன் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.995. அடடா என்று தோன்றும். கெழுக்களைப் பார்த்தால்தான் சிரிப்பு வரும். உற்பத்திக்கு மைனஸ் 0.036, அதாவது உற்பத்தி பெருகினால் வேலை குறைகிறதாம்! விலைக் குறியீட்டுக்கு 15, ஆனால் அதன் திட்டப் பிழை (அந்த எண் எவ்வளவு ஆடக்கூடும் என்பதன் அளவு) 85. கடைசி இரண்டு வருஷத்தை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினால் விலைக் குறியீடு மைனஸுக்குப் போகிறது, மைனஸில் இருந்த மக்கள்தொகையின் கெழு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. வேலையில்லாதவர்களின் கெழுவோ சுமார் 3 சதவீதம் மட்டும் நகர்ந்து அப்படியே நிற்கிறது. எல்லாக் கெழுவும் ஆடவில்லை, சில மட்டும்தான் ஆடுகின்றன. ஏன் அந்தச் சில?

போர் முடிந்த பிறகு விலை, உற்பத்தி, மக்கள்தொகை, வருஷம் எல்லாம் கைகோத்து ஏறின. உற்பத்திக்கும் வருஷத்துக்கும் ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்பதன் அளவு, அதிகபட்சம் 1) 0.995. அண்ணனும் தம்பியும் சம்பளத்தை ஒரே டப்பாவில் போடுகிற வீட்டில் மொத்தம் எவ்வளவு என்று எண்ணிவிடலாம், யார் எவ்வளவு போட்டார்கள் என்பதை டப்பாவைப் பார்த்துச் சொல்ல முடியுமா? அண்ணன் பங்கைக் கூட்டிச் சொன்னால் தம்பி பங்கு தானாகக் குறையும், வேண்டுமானால் மைனஸுக்கே போகும், மொத்தம் மட்டும் மாறாது.

இதை ஊகமாக விடாமல் கணக்காகக் காட்டுவதுதான் எஸ்விடி, அதாவது சிங்குலர் வேல்யூ டிகம்போசிஷன். டேட்டா அணியை (எண்களின் அட்டவணையை) இப்படிப் பிரித்தால், ஒன்றுக்கொன்று செங்குத்தான சில திசைகளும், ஒவ்வொரு திசைக்கும் ஒரு சிங்குலர் வேல்யூவும் கிடைக்கின்றன. அந்தத் திசையில் டேட்டா எவ்வளவு பரந்திருக்கிறது என்பதற்கு அதுதான் அளவு. இனி ஒரு கெழுவின் வேரியன்ஸ் (திட்டப் பிழையின் வர்க்கம்) எப்படி வருகிறது என்று பார். ஒவ்வொரு திசையிலும் அந்த மாறிக்கு எவ்வளவு பங்கு என்பதை வர்க்கம் செய்து, அந்தத் திசையின் சிங்குலர் வேல்யூவின் வர்க்கத்தால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்டி, பிழையின் வேரியன்ஸால் பெருக்க வேண்டும். அவ்வளவுதான். குட்டி சிங்குலர் வேல்யூ வகுத்தியில், அதுவும் வர்க்கமாக உட்கார்ந்திருக்கிறது. டேட்டா குறுகிக் கிடக்கும் ஒரே ஒரு திசை போதும், அதில் பங்குள்ள எல்லா மாறிகளின் வேரியன்ஸும் எகிறிவிடும். பங்கில்லாத மாறி தப்பித்துக்கொள்ளும்.

இரண்டு மாறியை வைத்துக் கையாலேயே போடச் சொல். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, ஒட்டுறவு 0.99 என்று வைத்துக்கொள். ஒரு திசை கூட்டல், இன்னொன்று கழித்தல். சிங்குலர் வேல்யூக்களின் வர்க்கங்கள் 1.99-க்கு 0.01 என்ற விகிதத்தில் வரும். ஆக, கெழுக்களின் கூடுதலுக்கு உள்ள வேரியன்ஸைப் போல அவற்றின் வித்தியாசத்துக்கு 199 மடங்கு! கூடுதலை நம்பலாம், வித்தியாசத்தைக் கேட்கவே கூடாது. மாணவர்களிடம் நாம் “மல்டிகோலினியாரிட்டி இருக்கிறது”, அதாவது மாறிகள் ஒன்றோடொன்று ஒட்டி நகர்கின்றன என்று ஒரு வார்த்தையில் சொல்லி முடித்துவிடுகிறோம், எந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது, எதற்கு இல்லை என்று சொல்வதே இல்லை. எனக்கு அதில் ரொம்ப நாளாக எரிச்சல். மாறிகளுக்குள் ஒட்டுறவே இல்லாமல் இருந்தால் வந்திருக்கும் வேரியன்ஸோடு ஒப்பிட்டால், லாங்லி டேட்டாவில் உற்பத்தியின் கெழுவுக்கு அது ஏறத்தாழ 1788 மடங்கு வீங்குகிறது, ராணுவத்துக்கு 3.6 மடங்குதான்.

கணிப்பு கெடாது என்பதையும் அவனுக்குச் சொல்லிவிடு. புதிய வீடும் பழைய வீடுகள் மாதிரியே இருந்தால், அந்தக் குறுகிய திசையில் அது நகரவே இல்லை, கெழு எப்படி ஆடினாலும் விலை சரியாக வரும். ஒரே ஒரு பெரிய ஹால் மட்டும் உள்ள 3000 சதுர அடி வீட்டுக்கு விலை கேட்டால்தான் சங்கடம்.

அப்புறம் கம்ப்யூட்டர் சங்கதி. லாங்லி டேட்டாவை அப்படியே, மாறிலிக்கான, எல்லா வரியிலும் 1 உள்ள நிரலோடு போட்டால், மிகப் பெரிய சிங்குலர் வேல்யூ மிகச் சிறியதைப் போல 486 கோடி மடங்கு. பாடப்புத்தக வழியில் அணியை அதன் இடமாற்று அணியோடு பெருக்கினால் இந்த விகிதம் வர்க்கமாகி 20 இலக்க எண்ணாகிவிடும், கம்ப்யூட்டரின் இரட்டைத் துல்லியமோ 16 இலக்கத்துக்குள். 1967-ன் புரோகிராம்கள் திணறியதில் ஆச்சரியமில்லை. எஸ்விடி அந்தப் பெருக்கலே செய்யாமல் அணியை நேரடியாகப் பிரிக்கிறது. அதற்கு நல்ல வழிமுறையைக் கஹானோடு 1965-லும், ரைன்ஷோடு 1970-லும் எழுதியவர் ஸ்டான்ஃபோர்டின் ஜீன் கோலப். மனிதர் தன் கார் நம்பர் பிளேட்டிலேயே ‘புரொஃப் எஸ்விடி’ என்று போட்டிருந்தார்! ஆனால் அந்த 486 கோடியில் பெரும்பகுதி அலகுகளாலும், சராசரி கழிக்காததாலும் வந்தது. சராசரியைக் கழித்து அளவைச் சரிசெய்தால் விகிதம் சுமார் 110-க்கு இறங்கிவிடும். மிச்சமிருக்கும் 110 டேட்டாவின் சொந்த நோய், அதைக் கம்ப்யூட்டரால் தீர்க்க முடியாது.

மருந்து கேட்பான். 1970-ல் ஹோயெர்லும் கென்னார்டும் கொடுத்த ரிட்ஜ் ரெக்ரஷன் இருக்கிறது. ஒவ்வொரு திசையையும் அதன் சிங்குலர் வேல்யூவின் வர்க்கத்துக்கு ஏற்றபடி சுருக்குகிறது: பரந்த திசை அப்படியே நிற்கும், குறுகிய திசை பூஜ்யம் பக்கம் போகும். வேரியன்ஸ் குறையும், ஆனால் விடை உண்மையிலிருந்து ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாயும். கணிப்புக்கு நல்லது. குட்டித் திசைகளை அடியோடு வெட்டிவிடும் வழியும் உண்டு, அதில் எனக்கு நம்பிக்கை குறைவு. டேட்டா குறுகலாக இருக்கிற திசையில்தான் விலையின் ரகசியம் இருக்கிறது என்றால் அதையும் சேர்த்து வெட்டிவிடுவோம். எது செய்தாலும் ‘ஓர் அறை கூடினால் எவ்வளவு’ என்பதற்கு டேட்டாவில் இல்லாத பதில் பிறந்துவிடாது. பரப்பு பெரிதாகவும் அறை குறைவாகவும் உள்ள வீடுகளைத் தேடிச் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று: அந்த மைனஸ் உண்மையாகவே இருக்கலாம். அதே சதுர அடியில் அறை கூடினால் ஒவ்வோர் அறையும் சுருங்குகிறது, அப்படிப்பட்ட வீட்டுக்கு யார் கூடக் கொடுப்பார்கள்? முதலில் திட்டப் பிழையைப் பார்க்கச் சொல். பிறகு சிங்குலர் வேல்யூக்களையும், கடைசித் திசையில் எந்தெந்த மாறிக்கு எவ்வளவு பங்கு என்பதையும் அச்செடுத்து எனக்கு அனுப்பச் சொல். மாறியைத் தூக்கி எறிவது பற்றி அதற்கப்புறம் பேசலாம்.

அன்புடன்,
ரகு