வெங்காயத்தை வெட்டிவிடாதீர்கள்

ஷேக்ஸ்பியரின் ‘தி டேமிங் ஆஃப் தி ஷ்ரூ’ நாடகத்தை ‘அடங்காப்பிடாரி’ என்ற பெயரில் மேடையேற்றவிருக்கும் மாணவர் நாடகக் குழுவினருக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை ஒத்திகைக்கு அழைத்தீர்கள். முடிந்ததும் கருத்துக் கேட்டீர்கள். நானும் டீயைக் குடித்துக்கொண்டே நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். சொல்லாமல் விட்டது இரண்டு நாளாக உறுத்துகிறது. இதே நாடகத்தைக் கையில் எடுக்கும் மற்றக் குழுக்களும் இதே இடத்தில்தான் கத்தரியை வைக்கின்றன என்பதால், திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

தலைப்பு பிரமாதம். ஆங்கிலத்தில் வாயாடிப் பெண்ணை மூஞ்சூறு என்று ஏசினார்கள். மூலத் தலைப்பில் உள்ள ‘ஷ்ரூ’ அந்தச் சொல்தான். தமிழில் அதே இடத்தில் ஓர் ஊர்த் தெய்வம் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். நாயகன் பெட்ரூச்சியோ வெரோனாக்காரன்; பாதுவா ஊருக்குப் பெண் தேடி வந்து, வாயாடி என்று பெயரெடுத்த காத்தரீனாவைக் கட்டி அடக்குகிறவன். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். அவனுடைய வேலைக்காரனே, கேட்டதை வைத்துப் பார்த்தால் இவன் அவளையும் மிஞ்சிய பிடாரியாக இருக்கிறானே என்கிறான். அந்த வசனத்தை விட்டுவைத்திருக்கிறீர்கள், நன்றி.

ஆனால், ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று முன்காட்சியை அப்படியே தூக்கிவிட்டீர்கள். என் வருத்தம் அங்கேதான்.

அதில் நடப்பதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஓட்டைப் பாத்திரம் அடைத்துப் பிழைக்கும் ஸ்லை, மதுக்கடை வாசலில் குடித்துவிட்டுக் கிடக்கிறான். வேட்டையிலிருந்து திரும்பும் பிரபு ஒருவன் விளையாட்டுக்காக அவனைத் தூக்கிப்போய் மெத்தையில் கிடத்தி, விழித்ததும் ‘நீங்கள்தான் இந்த வீட்டுப் பிரபு, இத்தனை வருடம் சித்தம் கலங்கியிருந்தீர்கள்’ என்று நம்பவைக்கிறான். பிரபுவுக்கு மனைவி வேண்டுமே? பார்த்தலோமியு என்ற ஏவல் சிறுவனுக்குப் பெண் உடை போடுகிறார்கள். மெல்லிய குரலில் பேச வேண்டும், குனிந்து வணங்க வேண்டும், கணவர் தேறிவிட்ட ஆனந்தத்தில் கண்ணீர் விட வேண்டும் என்று அவனுக்குப் பாடம். கண்ணீர் வராவிட்டால் கைக்குட்டைக்குள் ஒரு வெங்காயத்தை மறைத்து எடுத்துப் போகட்டும் என்கிறான் பிரபு.

சிறுவன் வந்து நிற்கிறான். ‘என் கணவரே, என் தலைவரே, முற்றிலும் உங்களுக்குக் கீழ்ப்படிந்த மனைவி நான்’ என்கிறான். ஸ்லை உடனே படுக்கைக்குக் கூப்பிடுகிறான். வைத்தியர் கூடாதென்று சொல்லியிருக்கிறார் என்று பையன் நழுவுகிறான். பிறகுதான் நாடகக்காரர்கள் வந்து அந்த இருவர் முன்னால் காத்தரீனாவின் கதையை நடிக்கிறார்கள்.

ஆக, இந்த நாடகத்தில் நாம் முதலில் பார்க்கும் அடக்கமான மனைவி ஒரு பையன், ஒரு கவுன், ஒரு வெங்காயம். கடைசிக் காட்சியில் கணவனே தலைவன், உயிர், காவலன், அரசன் என்று காத்தரீனா 44 வரி பேசும்போது, பையன் சொன்ன அதே சொற்களை அவையோர் இரண்டாவது முறையாகக் கேட்கிறார்கள். அந்தக் காலத்தில் அவளாக நடித்ததும் பையன்தான். முன்காட்சியைப் பார்த்தவனுக்கு அந்தப் பேச்சில் வெங்காய வாடை அடிக்கும். பார்க்காதவனுக்கு அது புதுமணத் தம்பதிக்குப் பெரியவர்கள் சொல்லும் புத்திமதி.

அந்தப் பேச்சுக்கு விலையும் உண்டு. காத்தரீனாவின் தகப்பன் பாப்டிஸ்டா இந்த மூத்த பெண்ணோடு 20,000 கிரவுன் ரொக்கம் பேசினான்; தன் காலத்துக்குப் பின் நிலத்தில் பாதியும் தருவதாகச் சொன்னான். யார் மனைவி கூப்பிட்டதும் வருவாள் என்று மாப்பிள்ளைகள் மூவரும் ஆளுக்கு 100 கிரவுன் பந்தயம் கட்டுகிறார்கள். காத்தரீனா மட்டும் வந்து நின்றதும், ‘இது வேறு மகள், வேறு வரதட்சிணை’ என்று தகப்பன் இன்னொரு 20,000 கூட்டித் தருகிறான். இதை உங்கள் பிரதியில் ஒரே வரியாகச் சுருக்கியிருக்கிறீர்கள். வரதட்சிணை என்றால் என்ன என்று நம் ஊர்ப் பார்வையாளருக்கு விளக்க வேண்டியதில்லை. தொகையைச் சத்தமாகச் சொன்னால் போதும்.

சாட்டை வேண்டாம். பெட்ரூச்சியோ கையில் அதைக் கொடுத்தது ஷேக்ஸ்பியர் அல்ல, பின்னால் வந்த நடிகர்கள். மூலத்தில் அவன் அவளை ஒருமுறைகூட அடிப்பதில்லை. அவள்தான் அவனை அறைகிறாள். அவன் ஆயுதம் சோறும் தூக்கமும். கறி கருகிவிட்டது, உன் உடம்புக்கு ஆகாது என்று தட்டோடு வீசுகிறான். படுக்கை சரியில்லை என்று இரவெல்லாம் கலைக்கிறான். எல்லாம் அவள்மேல் உள்ள அக்கறையால்! வல்லூறைப் பட்டினி போட்டுப் பழக்குவதுபோல என்று நம்மிடமே வந்து பெருமையாகச் சொல்கிறான். சாட்டையைப் பார்த்தால், நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று எந்த ஆணும் நிம்மதியாக உட்கார்ந்துகொள்வான்.

பெட்ரூச்சியோவின் வேலைக்காரன் குரூமியோ, பட்டினி கிடக்கும் காத்தரீனாவிடம் ஒவ்வொரு பண்டமாகப் பெயர் சொல்லி ஆசை காட்டி, கடைசியில் மாட்டிறைச்சி இல்லாமல் கடுகு மட்டும் தரட்டுமா என்று கேட்கும் இடத்தில் ஒத்திகையில் எல்லோரும் சிரித்தோம். நானும்தான். காத்தரீனாவாக நடித்த மாணவி மட்டும் சிரிப்பு அடங்கும்வரை காலித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது இயக்குநர் சொல்லிக் கொடுத்ததா, அவராகச் செய்ததா என்று கேட்க மறந்துவிட்டேன். எப்படியானாலும் அதை மாற்றாதீர்கள்.

அவரையே கடைசிப் பேச்சின் முடிவில் கண் சிமிட்ட வைத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. இதே நாடகத்தின் 1929 திரைப்படத்தில் காத்தரீனாவாக வந்த மேரி பிக்ஃபோர்டு சிமிட்டியாயிற்று. சிமிட்டினால் எல்லாம் நடிப்புதான் என்று வீட்டுக்குப் போகும் வழி திறந்துவிடும். அந்தப் பட்டினியும் நடிப்பாகிவிடும். சிரிப்பு வேண்டுமென்றால் காத்தரீனாவின் தங்கை பியாங்கா இருக்கிறாள். நீ வராததால் 100 கிரவுன் போயிற்று என்று புலம்பும் கணவனிடம், என் கீழ்ப்படிதலை நம்பிப் பணம் கட்டிய நீதான் முட்டாள் என்கிறாள். சாதுவான தங்கை என்று ஊரெல்லாம் புகழ்ந்த பெண்! அதை முணுமுணுப்பாக விழுங்கவிட்டிருக்கிறீர்கள்.

பழைய நாடகம், அக்காலத்து ஆட்கள் அப்படித்தான் என்றார் உங்களில் ஒருவர். அக்காலத்து ஆட்களே சும்மா இருக்கவில்லை. ஷேக்ஸ்பியர் உயிரோடு இருந்தபோதே ஜான் ஃபிளெட்சர் பதில் நாடகம் எழுதினார். அதில் பெட்ரூச்சியோவின் இரண்டாம் மனைவி மரியா அவனைப் படுக்கையறைக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துகிறாள். 1633 நவம்பரில் முதலாம் சார்லஸ் அரசவையில் இரண்டும் அடுத்தடுத்து நடந்தன. முதலாவது பிடித்தது, இரண்டாவது மிகவும் பிடித்தது என்று அரசவை அதிகாரி குறித்துவைத்திருக்கிறார்.

ஸ்லையைத் திரும்பக் கொண்டுவந்தால் எங்கே முடிப்பது என்று கேட்பீர்கள். ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் தொகுப்பாக அச்சான 1623 பதிப்பில் அவன் முதல் அங்கத்திலேயே, எப்போது முடியும் என்று அலுத்துக்கொண்டு காணாமல் போகிறான். 1594இல் அச்சான, ஏறக்குறைய இதே கதையுள்ள இன்னொரு நாடகத்தில் அவன் கடைசியில் தெருவில் விழித்து, மனைவியை அடக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டேன், போய் என் மனைவியிடம் காட்டுகிறேன் என்று வீட்டுக்கு நடக்கிறான். இதைப் பாடமாக எடுத்துக்கொண்ட ஒரே ஆள், போதை தெளியாதவன்.

மேடையின் இடப்பக்கம், படிக்கட்டுக்கு அருகே அவனுக்கு ஒரு நாற்காலி போடுங்கள். பத்து நிமிடம்தான் கூடும். மூன்றாவது காட்சிக்கு முன் வரும் பாட்டை எடுத்துவிட்டால் அதுவும் ஈடாகிவிடும். வெங்காயம் நான் வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
ஒத்திகையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்